எரியாத ஏடு

சிறுவர் நூல் என்றால் நம்மில் பலருக்கு ஓர் இளக்காரம் உண்டு. பட்டப் படிப்புக்கு வந்த பின் துப்பறியும் சிறுவர்களோடு நமக்கென்ன வேலை? இவ்வாறு கேட்கும் நண்பர்களுக்காகவே எரிக் கெஸ்ட்னரின் வாழ்வை இங்கே எழுதுகிறேன்.

1899 பிப்ரவரி 23-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் அவர் பிறந்தார். தந்தை சேணம் தைக்கும் தொழிலாளி. தாயோ, மகனைப் படிக்க வைப்பதற்காகவே பெண்களுக்குச் சிகை அலங்காரம் செய்யும் தொழிலைக் கற்று உழைத்தார். ஆசிரியராக விரும்பிய இளைஞரை 1917-இல் படை அழைத்துக்கொண்டது. பயிற்சிக் களத்தின் கொடுமை அவருக்கு இதய நோயைத் தந்தது. போரின் மீது தீராத வெறுப்பையும் தந்தது. பின்னர் லைப்சிக் பல்கலைக் கழகத்தில் பயின்று 1925-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1927-இல் பெர்லினில் குடியேறிப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார்.

பெண் பதிப்பாளர் ஒருவர் தூண்ட, 1929-இல் வெளிவந்தது 'எமிலும் துப்பறிவாளர்களும்'. தாய் தந்த 140 மார்க்குடன் எமில் பெர்லினுக்கு ரயில் ஏறுகிறான். பணத்தைச் சட்டைப் பையில் குண்டூசியால் குத்தி வைக்கிறான். கண் அயர்ந்ததும் பணம் பறிபோகிறது. போலீசிடம் போகலாமா? ஊரில் ஒரு பிரபுவின் சிலைக்குச் சிவப்பு மூக்கு வரைந்தவன் அவன்! எப்படிப் போவான்? பெர்லின் சிறுவர்கள் துணைக்கு வருகிறார்கள். நூறு பிள்ளைகள் திருடனைச் சூழ்ந்துகொண்டு நடக்கிறார்கள். முடிவில் நோட்டுகளிலிருந்த ஊசித்துளைகளே சாட்சி சொல்கின்றன.

அக்கூட்டத்தில் என் மனத்தைக் கவர்ந்தவன், 'செவ்வாய்' என்று பொருள்படும் பெயர் கொண்ட சின்னஞ்சிறுவன். வேடிக்கை ஒன்றையும் காணாமல் தொலைபேசி அருகே காவல் இருப்பதே அவன் கடமை. எந்தச் சங்கத்திலும் மேடை ஏறுவோர் பலர். நாற்காலி அடுக்குவோர் சிலர். அவன் அந்தச் சிலரின் இனம்.

1933 மே 10. பெர்லின் இசை நாடக அரங்கின் முன்னே நூல்கள் எரிந்தன. கெஸ்ட்னரின் நூல்களும் எரிந்தன. கூட்டத்தில் நின்று அவரே அதைக் கண்டார். அத்தீயை மூட்டியவர்கள் யார்? பாமரர் அல்லர், பல்கலைக் கழக மாணவர்கள்! எமிலை மட்டும் அன்று விட்டுவைத்தனர். சில ஆண்டுகளில் அதற்கும் தடை வந்தது.

நண்பர்கள் பலர் நாடு கடந்தனர், அவர் கடக்கவில்லை. தாயைப் பிரிய மனமில்லை. நடப்பதைக் கண்ணால் கண்டு எழுதவும் விரும்பினார். ரகசியப் போலீஸ் அவரை இருமுறை பிடித்து விசாரித்தது. புனைபெயரில் அரசின் படக் கம்பெனிக்குக் கதை எழுதினார். இதைக் குறை கூறுவோர் உண்டு; அவரை அப்பழுக்கற்ற வீரர் என்று நானும் கூறேன். அக்கொடுங்காலத்தைப் பற்றி எழுத எண்ணிய பெரிய நாவலும் எழுதப்படாமலே போயிற்று.

எமில் கதை 1931-இல் படமாக வந்திருந்தது. அதில் எமிலாக நடித்த சிறுவனும், 'செவ்வாய்' ஆக நடித்த சிறுவனும் வளர்ந்து படையில் சேர்ந்தனர். இருவரும் 1942-இல் போரில் மாண்டனர்.

போருக்குப் பின் கெஸ்ட்னர் மியூனிக்கில் வாழ்ந்தார். 1949-இல் அவர் எழுதிய இரட்டைச் சிறுமியர் கதை அமெரிக்கப் படமாகி, அதன் வழியே 1965-இல் தமிழில் 'குழந்தையும் தெய்வமும்' ஆயிற்று. 1960-இல் ஆண்டர்சன் விருது பெற்றார். 1974 ஜூலை 29-இல் மறைந்தார்.

தோழர்களே! இளையோர் ஒன்றுகூடித் திருடனையும் பிடிக்கலாம்; நூலையும் எரிக்கலாம். முன்னதைச் செய்தவர்கள் கதைச் சிறுவர்கள். பின்னதைச் செய்தவர்கள் நம்மைப் போன்ற பட்டப் படிப்பினர். இனியும் சிறுவர் நூலை இளக்காரமாக எண்ணலாமா?