எடிசனின் வலக்காது

மின்விளக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தாமஸ் ஆல்வா எடிசனின் பெயர் நம் நினைவுக்கு வரும். ஆயினும், அவருடைய இடக்காது முற்றிலும் கேட்காது என்பதையும், வலக்காதிலும் ஏறத்தாழ 80 விழுக்காடு செவித்திறன் இழந்தவராகவே அவர் வாழ்ந்தார் என்பதையும் பலர் அறிவதில்லை. அவருடைய இரு காதுகளும் ஒரே அளவில் பழுதடையவில்லை. அந்த வேறுபாடே அவர் வாழ்ந்த முறையை வெகுவாகத் தீர்மானித்தது.

எடிசன் 1847ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மிலான் என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளியில் அவர் சில மாதங்களே பயின்றார். பிறகு ஆசிரியையாக இருந்த தாயாரே வீட்டில் பாடம் கற்பித்தார். சிறு வயதில் கண்ட செங்காய்ச்சலும் அடிக்கடி வந்த காதுச் சீழும் செவித்திறனைக் கெடுத்திருக்கலாம் என்பர். ஓடும் இரயிலில் ஏற முயன்றபோது ஒருவர் தம்மைக் காதைப் பிடித்துத் தூக்கியதே காரணம் என்று எடிசன் பிற்காலத்தில் கூறியதுண்டு. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு பறவை பாடிக் கேட்டதில்லை என்றும் அவர் எழுதி வைத்தார்.

அந்த வயதில்தான் அவர் இரயிலில் நாளிதழும் தின்பண்டமும் விற்கத் தொடங்கினார். 1862ஆம் ஆண்டு, நிலைய அதிகாரி ஒருவரின் சிறுவன் தண்டவாளத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். பெட்டி ஒன்று உருண்டு வருவதைக் கண்ட எடிசன் ஓடிச் சென்று அவனை மீட்டார். நன்றிக்கடனாக அத்தந்தை அவருக்குத் தந்தி அனுப்பும் கலையைக் கற்றுத் தந்தார். தந்தி அலுவலகத்தில் பல கருவிகள் ஒரே நேரத்தில் தட்டிக்கொண்டிருக்கும். எடிசனுக்கோ அருகிலிருந்த தம் கருவியின் ஒலி மட்டுமே கேட்டது. அது வேலைக்கு உதவியாகவே இருந்தது என்று அவர் மகிழ்ந்தார்.

1876ஆம் ஆண்டு கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அக்கருவியில் குரல் மிக மெல்லியதாகவே வந்தது. நல்ல செவியுடையோர் அதைப் பொறுத்துக்கொண்டனர், எடிசனால் முடியவில்லை. 1877ஆம் ஆண்டு அவர் கரித்துண்டு ஒன்றை ஒலிவாங்கியில் பொருத்தினார். பேச்சின் அதிர்வு கரியை அழுத்தும். அழுத்தம் கூடிக் குறையும்போது அதன் வழியே பாயும் மின்னோட்டமும் கூடிக் குறையும். மின்கலத்தின் ஆற்றலும் சேர்வதால் குரல் உரக்க ஒலித்தது. அதே ஆண்டில் அவர் ஒலிப்பதிவுக் கருவியையும் உருவாக்கினார். அதன் மெல்லிய இசையை அறிய, அவர் கருவியின் மரப்பகுதியைப் பற்களால் கடித்துக்கொள்வார். அதிர்வு பல்லிலிருந்து மண்டையோட்டு எலும்பு வழியாக உட்செவியைச் சேரும். குறைந்தது ஒரு பக்கத்து உட்செவியாவது ஓரளவு இயங்கியது என இதிலிருந்து ஊகிக்கலாம்.

காது கேளாதோருக்கும் எடிசன் ஒன்றைச் செய்ய முயன்றார். 1878ஆம் ஆண்டு அவர் அமைத்த ‘மெகாபோன்’ கருவியில் இரண்டு பெரிய காகிதப் புனல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். அவற்றின் முனையிலிருந்து ஒரு குழாய் இடக்காதுக்கும் மற்றொன்று வலக்காதுக்கும் செல்லும். தொலைவில் பேசுவதை அதனால் கேட்க முடிந்தது. ஆனால், அதைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கா செல்ல முடியும்? மேலும், இரு காதுக்கும் சம அளவு ஒலியைத் தரும் அக்கருவியில் ஒரு புனல் எடிசனுக்கே பயன்படாது! செய்தியைப் படித்த பலர் தங்களுக்கும் ஒரு கருவி வேண்டுமென்று நம்பிக்கையோடு கடிதம் எழுதினர். அவ்வாண்டின் இறுதியில் அவர் கவனம் மின்விளக்கின் பக்கம் திரும்பியது. கடிதம் எழுதியவர்கள் எதிர்பார்த்த சிறிய கருவி அவரிடமிருந்து வரவேயில்லை.

வீட்டில் அவர் வேறு வழி கண்டார். தாம் மணக்க விரும்பிய மினா மில்லருக்குத் தந்திக் குறியீட்டைக் கற்பித்தார். அவர் உள்ளங்கையில் விரலால் தட்டியே தம் விருப்பத்தைத் தெரிவித்தார். 1886ஆம் ஆண்டு இருவருக்கும் திருமணம் நடந்தது. நாடக அரங்குகளில் மினா, மேடையில் பேசப்பட்டதைக் கணவரின் முழங்காலில் தட்டித் தெரிவிப்பாராம்.

மின்சாரத்தால் இயங்கும் செவிக்கருவியை 1898ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கியவர் மில்லர் ரீஸ் ஹட்சிசன். அதில் இருந்ததும் கரி ஒலிவாங்கியே. ஹட்சிசன் பின்னர் எடிசனின் ஆய்வுக்கூடத்திலேயே தலைமைப் பொறியாளரானார். இருந்தும் எடிசன் செவிக்கருவியை நாடியவரல்லர்; அமைதி தம் சிந்தனைக்கு உதவுவதாகவே கருதினார். நாம் அதைக் குறை கூற வேண்டியதில்லை. அக்காலக் கருவிகள் எல்லா ஒலியையும் இரைச்சலோடு பெருக்கின; அவரைப்போல் செவித்திறனை வெகுவாக இழந்தவர்களுக்கு அவற்றின் பயனும் குறைவே.

கேமரன் மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்ட 1929ஆம் ஆண்டில், மின்விளக்கின் 50ஆம் ஆண்டு விழா அமெரிக்காவில் கொண்டாடப்பட்டது. அப்போது எடிசனுக்கு வயது 82. ஈராண்டுகளுக்குப் பின், 1931 அக்டோபர் 18ஆம் நாள், அவர் காலமானார்.

அவரைப் போன்ற ஒருவர் இன்று நம் தோட்டத்திலிருந்து மருத்துவமனைக்குச் சென்றால் என்ன நடக்கும்? முதலில் ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதித்து, செவித்திறன் வரைபடம் வரைவார்கள். ஒரு காது மட்டும் அதிகம் மந்தமாக இருந்தால், கருவிக்கு முன்பே காரணத்தைத் தேட வேண்டும். அது காதுக்குறும்பியாக இருக்கலாம், சீழாக இருக்கலாம், அரிதாக, செவி நரம்பில் வளரும் கட்டியாகவும் இருக்கலாம். ஓரிரு நாளில் திடீரென ஒரு காது கேளாமற்போனால் தாமதிக்காமல் மருத்துவரைக் காண வேண்டும்.

இரு காதுகளிலும் பயனுள்ள செவித்திறன் மிஞ்சியிருந்தால், இரண்டுக்கும் கருவி பொருத்தி, ஒவ்வொன்றையும் அதனதன் குறைபாட்டுக்கேற்ப அமைப்பார்கள். தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரங்களின் அருகே பல்லாண்டு வேலை செய்த தாத்தாவின் கருவியைப் பாட்டி மாட்டிக்கொள்ள முடியாததைப் போலவே, இடக்காதின் அளவை வலக்காதுக்கு வைப்பதும் பொருந்தாது.

எடிசனின் இடக்காதைப் போல் ஒரு காது முற்றிலும் கேளாததாக இருந்தால், அதில் ஒலியைப் பெருக்கிப் பயனில்லை. அக்காதில் ஓர் ஒலிவாங்கியை மட்டும் வைத்து, அது வாங்கும் ஒலியை மறுகாதுக்கு அனுப்பலாம். இம்முறையை ‘கிராஸ்’ என்பர். 1965ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதனை விளக்கி எழுதினர். மறுகாதும் மந்தமாக இருந்தால், அங்கே வந்து சேரும் ஒலியையும் பெருக்கித் தரும் ‘பைகிராஸ்’ உண்டு. எடிசனுக்கு வல்லுநர்கள் முதலில் சோதித்துப் பார்த்திருக்கக்கூடியது இதுவே. உட்செவியில் அறுவை மூலம் பொருத்தும் காக்ளியர் கருவி மற்றொரு வழி.

கிராஸ் வகைக் கருவி இடப்பக்கம் பேசுபவரின் சொற்களை வலக்காதுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால், ஒலி வரும் திசையைப் பிரித்தறிய மூளைக்கு இரு செவிகளும் தேவை. எனவே, அக்கருவியை அணிந்து தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலையோரம் நடப்பவருக்கு லாரியின் ஹாரன் கேட்கும்; அது மேல்வளைவிலிருந்து வருகிறதா கீழ்வளைவிலிருந்தா என்பதை அவர் திரும்பிப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.