நெல்லூர் வைத்தியரும் முட்காட்டுப் பறவையும்

ஹௌராவில் சென்னை மெயில் ஏறி ஊருக்குப் போகும் லேக் மார்க்கெட் தமிழர்களுக்கு நெல்லூர் வந்துவிட்டால் வீடு வந்துவிட்ட மாதிரி. மூட்டை முடிச்சுகளை இறக்கும் அவசரத்தில் மேற்கே யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பக்கத்தில் கடப்பை ஜில்லா வரை போகும் குன்றுகளையும் முட்காடுகளையும் 1840-களில் அலசி ஆராய்ந்தவர் டாக்டர் தாமஸ் ஜெர்டன்.

1811-ல் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் பிறந்த ஜெர்டன், எடின்பரோவில் படித்து, கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி சர்ஜனாகச் சேர்ந்து, 1836-ல் சென்னையில் வந்து இறங்கினார். கஞ்சம், திருச்சி, நீலகிரி, நெல்லூர், தலைச்சேரி என்று உத்தியோகம் அவரைப் பந்தாடியது. மாற்றல் உத்தரவு என்றாலே முகம் வாடும் நம்மவர்களைப் போலன்றி, போன ஊரிலெல்லாம் அவர் புதுப் பறவைகளைத் தேடினார். எறும்பைக்கூட விட்டுவைக்கவில்லை. தென்னிந்திய எறும்புகளுக்கு 1851-லேயே பட்டியல் போட்டவர் அவர்.

நெல்லூருக்கும் கடப்பைக்கும் இடைப்பட்ட மலையடிவாரத்தில் அவருக்கு ஓர் அபூர்வப் பறவை கிடைத்தது. ஆள்காட்டிக் குருவியைவிடச் சற்றுச் சிறியது. மார்பில் இரண்டு பட்டைகள். பறப்பதைவிட ஓடுவதே அதிகம். உள்ளூர்த் தெலுங்கர்கள் கலிவிக்கோடி என்பார்கள். கோடி என்றால் கோழி. அதை ஆராய்ந்து 1848-ல் விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் நமது கல்கத்தாவில் ஏஷியாட்டிக் சொஸைட்டியின் மியூசியத்தைக் கவனித்து வந்த எட்வர்ட் பிளைத். காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் பார்க் ஸ்ட்ரீட்டில் இருக்கும் அதே சொஸைட்டிதான்.

பின்னர் கானிங் பிரபு ஜெர்டனை நூல் எழுதுவதற்கென்றே விசேஷப் பணியில் அமர்த்தினார். அதன் பயனாக 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய பெருநூல் கல்கத்தாவில் வெளிவந்தது. பறவையின் நிறத்தையும் நீளத்தையும் மட்டும் எழுதி அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. எந்த மாதிரி நிலத்தில் வாழ்கிறது என்றும் எழுதினார். கலிவிக்கோடிக்கு அவர் குறித்த இடம், பாறையும் மேடுபள்ளமும் கலந்த, அடர்த்தியில்லாத காடு. 1868-ல் ஓய்வு பெற்று, பின்னர் இங்கிலாந்து திரும்பிய அவர், 1872-ல் லண்டனை அடுத்த நார்வுட்டில் காலமானார்.

1900-க்குப் பிறகு அந்தப் பறவையை யாரும் காணவில்லை. பூண்டற்றுப் போய்விட்டது என்றே பலரும் கைவிட்டனர். 1986-ல் கடப்பை ஜில்லாவில் உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் இரவில் டார்ச் அடித்து ஒன்றைப் பிடித்துக் கொடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. அது இரவில் திரியும் பறவை. பகலில் தேடினால் எப்படி அகப்படும்? பிடிபட்ட பறவை சில நாளில் இறந்துவிட்டது. 1988-ல் அந்தக் காடு ஸ்ரீலங்கமல்லேஸ்வரா சரணாலயமாயிற்று.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காக அங்கே ஆராய்ந்த தமிழரான ப. ஜெகநாதன், மண்ணைப் பரப்பிக் காலடித் தடம் பார்த்தும், தானியங்கிக் காமிரா வைத்தும் கணக்கெடுத்தார். ஒரு ஹெக்டேரில், அதாவது சுமார் இரண்டரை ஏக்கரில், ஆறடிக்கு மேற்பட்ட புதர்கள் 300 முதல் 700 வரை இருந்து, குட்டைப் புதர்கள் ஆயிரத்துக்குக் குறைவாக இருந்தால் பறவை தங்குகிறது. புதர் மண்டினால் ஓட இடமில்லை. வெட்டி வெளியாக்கினால் மறைவிடமில்லை. ஆடுமாடு மிதமாக மேய்ந்தால் கெடுதி இல்லை, ஒருவேளை நல்லதே. ஜெர்டன் கண்ணால் கண்டு எழுதியதற்கு, 140 ஆண்டு கழித்து எண்ணிக்கை கிடைத்தது என்று சொல்லலாம். ஆனால் 1991-க்கும் 2000-க்கும் இடையில் சரணாலயத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து அத்தகைய புதர்க்காட்டில் 11 முதல் 15 சதவீதம் அழிந்து போயிருந்தது. கலிவிக்கோடிக்கோ குடிபெயர வேறு சீமை கிடையாது.

இதில் சென்னைவாசிகளுக்கும் சம்பந்தம் உண்டு. 1996-ல் கிருஷ்ணா நீரைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் ஒன்றை 2005-ல் அந்தக் காட்டிலேயே வெட்டத் தொடங்கினார்கள். புல்டோசர்கள் இறங்கிய இடம் பறவையின் வாசஸ்தலம். ஆராய்ச்சியாளர்கள் கண்டு சொல்ல, வேலை நின்றது. விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. கால்வாயின் பாதை மாற்றப்பட்டது. ஆந்திர அரசு அந்தப் பறவைக்காகவே சுமார் 3,000 ஏக்கர் நிலத்தையும் வாங்கியது. பூண்டி ஏரிக்குத் தண்ணீர் வருவது அதனால் நின்றுவிடவில்லை.