ஏரித் தண்ணீரை உதறிய விமானம்



செங்கல்பட்டிலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மின்சார ரயிலில் வரும்போது கொளவாய் ஏரியைப் பார்க்காதவங்க நம்மில் யாரும் இல்லை. நீர்ப்பறவை எழும்புவதையும் பார்த்திருப்பீங்க. தண்ணிமேல் படபடவென்று கொஞ்ச தூரம் ஓடித்தான் மேலே போகும். தண்ணி லேசில் விடாது. இந்தத் தண்ணியோடு நாலு வருஷம் மல்லுக்கட்டி ஜெயித்த ஒரு மெக்கானிக்கின் கதை இது.

கிளென் கர்ட்டிஸ் 1878-ல் அமெரிக்காவில் கியூகா ஏரிக்கரையில் உள்ள ஹேமண்ட்ஸ்போர்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. சைக்கிள் ரிப்பேர் செய்தவர், மோட்டார் சைக்கிளுக்கு மாறினார். முதல் கார்புரேட்டர் தக்காளி டப்பாவில் செய்ததாம்! நம்ம ஒர்க்‌ஷாப்பில் செஞ்சா என்ன மார்க் கிடைக்கும் என்று யோசிக்க வேண்டாம். 1907-ல் அவரே செய்த வி-8 இஞ்சின் வண்டியில் மணிக்கு 219 கிலோமீட்டர் வேகம் போனார்.

அந்த இஞ்சினுக்காகத்தான் டெலிபோன் புகழ் கிரஹாம் பெல் அவரைத் தன் விமானக் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1908 ஜூலை 4-ல் ‘ஜூன் பக்’ விமானத்தை ஊரறியப் பறக்கவிட்டுப் பரிசும் வாங்கினார். அதே வருஷக் கடைசியில் அதற்கு மிதவை மாட்டி ஏரியில் விட்டார்கள். வேகமாக ஓடியது, ஆனால் எழும்பவே இல்லை.

1910-ல் பிரான்சில் ஹென்றி ஃபேபர் தண்ணீரிலிருந்து முதலில் பறந்துவிட்டார். கர்ட்டிஸ் சளைக்கவில்லை. 1911 ஜனவரி 26-ல் சான் டியாகோ வளைகுடாவில் அவருடைய விமானமும் எழும்பியது. அடுத்த மாதமே அதில் தூக்கி மடக்கக்கூடிய சக்கரங்களைப் பொருத்தி, தரை, தண்ணீர், ஆகாயம் மூன்றுக்கும் ஏற்றதாக்கி ‘ட்ரையட்’ என்று பெயர் வைத்தார்.

பெரிய சோதனை 1912-ல்தான் வந்தது. மிதவைக்குப் பதில் உடம்பையே படகாகக் கட்டினார். அது தண்ணீரை விட்டு வர மறுத்தது. ஏன்? ஹாஸ்டல் மெஸ்ஸில் குழாயைத் திறந்து, கரண்டியின் முதுகை ஓடும் தண்ணீரில் லேசாகத் தொட வையுங்க. தண்ணி கரண்டியைத் தள்ளாது, உள்ளே இழுக்கும். வளைந்த பரப்பை ஒட்டி ஓடும் நீரில் அழுத்தம் குறைவதால் வரும் இழுப்பு அது. படகின் பின்பக்க அடியிலும் அதேதான் நடந்தது. இஞ்சின் சக்தியைக் கூட்டிப் பயனில்லை. நீர் ஓடும் விதத்தைக் கவனித்த கர்ட்டிஸ், அடிப்பாகத்தில் மரக்கட்டைகளைப் பொருத்தி ஒரு படி மாதிரி உண்டாக்கினார். அந்த விளிம்பில் தண்ணீர் அறுந்தது, காற்று உள்ளே புகுந்தது, விமானம் எழுந்தது. எஞ்சினியர்கள் இன்றும் அதை ‘ஸ்டெப்’ என்றே சொல்கிறார்கள்.

எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. ரைட் சகோதரர்கள் காப்புரிமை வழக்குப் போட்டு அவரைப் பல வருஷம் அலைக்கழித்தார்கள். அதை முறியடிக்க 1914-ல், ரைட்டுக்கு முன்பே லாங்லி செய்து விழுந்துபோன விமானத்தை எடுத்து, மாற்றங்கள் செய்து பறக்கவிட்டார். மாற்றியதை மறைத்து பழைய விமானமே பறந்தது என்று பேரானது. என்னைக் கேட்டால், அது அவருக்கு அழகில்லை.

1919-ல் அவர் கம்பெனி கட்டிய என்.சி.-4 பறக்கும் படகு, வழியில் இறங்கி இறங்கி, அட்லாண்டிக்கை முதன்முதலாகக் கடந்தது. 1930-ல் குடல்வால் ஆபரேஷனுக்குப் பிறகு ஏற்பட்ட சிக்கலில் 52 வயதிலேயே இறந்துபோனார்.

இரண்டாம் உலகப்போரில் நம்ம செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலீனா பறக்கும் படகுகள் வந்து இறங்கின. அவை வேறு கம்பெனித் தயாரிப்பு, ஆனால் அடியில் அதே படி. 2008-ல் முதலில் பறந்த ஐகான் ஏ5, இறக்கையை மடித்து டிரெய்லரில் ஏற்றி இழுத்துப் போகக்கூடிய இருவர் விமானம். உடம்பு கார்பன் ஃபைபர். குனிந்து அதன் வயிற்றைப் பார்த்தால் அங்கேயும் அந்தப் படி இருக்கிறது.