லண்டனின் முதல் சுகாதார வைத்திய அதிகாரி: சேர் ஜோன் சைமன்

எங்கட ஊரில் வாந்திபேதி என்று கேள்விப்பட்டால் பி.எச்.ஐ. ஐயா சைக்கிளில் வந்து கிணற்றுக்கு மருந்து போடுவார். கக்கூஸ் குழி எவ்வளவு தூரம் என்று பார்ப்பார். இந்த வேலை லண்டனில் எப்படித் தொடங்கியது என்பதை இங்கு வாழும் எமது பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும்.

ஜோன் சைமன் 1816 ஒக்டோபர் 10ஆம் திகதி லண்டனில் பிறந்தார். பிரான்சிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரன் அவர். சத்திரசிகிச்சை வைத்தியராக இருந்த அவரை 1848இல் லண்டன் 'சிற்றி'யின் முதலாவது சுகாதார வைத்திய அதிகாரியாக நியமித்தார்கள். அப்போது வயது 32.

மறுவருடமே கொலரா பெருகியது. அந்தக் கொள்ளைநோயில் லண்டன் முழுவதும் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்காலத்தில் வீடுகளுக்குக் கீழேயே மலக்குழிகள் இருந்தன. சைமன் கிழமைதோறும் மரணக் கணக்கைப் பார்த்து, எந்தப் பகுதியில் சாவு கூடுகிறது என்று அதிகாரசபைக்கு அறிவித்தார். எதிர்ப்புகள் இருந்தும் மலக்குழிகளை மூடுவித்து, வீடுகளைக் கழிவுக் கால்வாயுடன் இணைக்கப் பாடுபட்டார்.

ஆனால் ஒரு விடயத்தில் அவரும் பிழைவிட்டார். கொலராவுக்குக் காரணம் கெட்ட காற்று என்றே நம்பினார். அது தண்ணியால் பரவுகிறது என்று வைத்தியர் ஜோன் ஸ்னோ 1849இலேயே எழுதியும் சைமன் ஏற்கவில்லை.

1855இல் மத்திய அரசின் வைத்திய அதிகாரியானார். தென்லண்டனில் அப்போது இரண்டு கொம்பனிகள் ஒரே தெருக்களுக்குத் தண்ணி கொடுத்தன. லாம்பெத் கொம்பனி ஆற்றின் மேற்பகுதியில், சுத்தமான இடத்தில் தண்ணி எடுத்தது. மற்றது பற்றர்சீயில் கழிவு கலந்த தண்ணியை எடுத்தது. சைமனின் 1856 அறிக்கைப்படி, 1853-54 கொலராவில் லாம்பெத் தண்ணி குடித்தோரில் 10,000 பேருக்கு 37 பேரும், மற்றதைக் குடித்தோரில் 130 பேரும் இறந்தனர். கணக்கு அவரது எண்ணத்தை மாற்றியது.

ஸ்னோ 1858இல் காலமானார். 1890இல் எழுதிய நூலில், ஸ்னோவின் கண்டுபிடிப்பின் பெருமையை சைமன் மனந்திறந்து ஒப்புக்கொண்டார்.

1866, 1875ஆம் ஆண்டுகளின் சுகாதாரச் சட்டங்களுக்குப் பின்னால் அவரது உழைப்பு இருந்தது. 1876இல் பதவி விலகினார். 1887இல் சேர் பட்டம் கிடைத்தது. 1904 யூலை 23ஆம் திகதி காலமானார்.

இடம்பெயர்ந்து முகாம்களில் தண்ணிக்கு வரிசையில் நின்ற எங்களுக்குச் சுத்தமான தண்ணியின் அருமை தெரியும். தன் பிழையைத் தானே திருத்திக்கொண்ட இந்த அதிகாரியின் கதையை, புதுவருடத்தன்று பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கோ.