புல்லையும் போற்றிய ஜானகி அம்மாள்

மாசி பிறந்துவிட்டால் வையம்பட்டிச் சுற்றுப்புறம் வறண்டுவிட்டது என்றே எண்ணியிருந்தோம். இவ்வாண்டு ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் ஆசிரியையுடன் ஏரிக்கரைப் பக்கம் நடந்தபோதுதான் அது தவறு என்று உணர்ந்தோம். ஆவாரை மஞ்சளாய்ப் பூத்திருந்தது. மின்கம்பியில் அமர்ந்திருந்த பனங்காடை நீலச் சிறகை விரித்துப் பறந்தது. எருக்கிலையின் அடியில் வரியிட்ட புழு ஒன்றைக் கண்டு அருவருத்தோம். அதுவே அழகிய வண்ணத்துப்பூச்சியாக மாறும் என்று அறிந்து வியந்தோம். ஓடையோரம் உலர்ந்த கதிர்களுடன் நின்ற நாணலை மட்டும், வெறும் புல்தானே என்று கடந்துவிட்டோம். ஆசிரியை எங்களை அங்கேயே நிறுத்தி, அந்தப் புல்லை ஆராய்ந்து புகழ் பெற்ற ஒரு பெண்மணியின் வரலாற்றைக் கூறினார். அவரே தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள்.

இவர் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் தலச்சேரியில் பிறந்தார். நம்மைப் போலவே கன்னியர் நடத்திய பள்ளியில் பயின்றார். பெண்களுக்குச் சிறு வயதிலேயே திருமணம் முடித்துவிடும் அக்காலத்தில், அவர் படிப்பையே தேர்ந்துகொண்டார். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் கற்று, கடல் கடந்து அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

தாயகம் திரும்பிய அவர், 1934 முதல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். இனிப்பு மிகுந்த கரும்புக்கு நோயையும் வறட்சியையும் தாங்கும் வலிமை குறைவு. நாணலுக்கோ இனிப்பு இல்லை; ஆனால் வலிமை உண்டு. இரண்டும் ஒரே குடும்பம். கரும்பை நாணலோடும் பிற புல்லினங்களோடும் கலந்து, அவற்றின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணி ஆராய்ந்தார் அம்மையார். நாம் சுவைக்கும் சர்க்கரைக்குப் பின்னே, நாம் மிதித்துச் செல்லும் இந்தப் புல்லும் நிற்கிறது!

பின்னர் இங்கிலாந்து சென்றார். போர்க்காலத்திலும் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. பயிர்த் தாவரங்களின் குரோமோசோம்களைத் தொகுத்து டார்லிங்டன் என்னும் அறிஞருடன் அவர் எழுதிய நூல் 1945-இல் வெளிவந்தது. 1951-இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எனினும் எளிய வாழ்க்கையையே விரும்பினார்.

கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டத்துக்கு எதிர்ப்பு வலுத்தபோது அவர் எண்பது வயதை எட்டியிருந்தார். மின்சாரம் தேவைதான், ஆனால் பெயர்கூட அறியப்படாத செடிகள் நீரில் மூழ்கினால் அவற்றை மீட்பவர் யார்? அந்தக் காட்டைக் காக்கக் குரல் கொடுத்தவர்களுள் அம்மையாரும் ஒருவர். 1984 பிப்ரவரி 7-ஆம் நாள், சென்னை மதுரவாயலில் இருந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை, காடு இருக்கிறது.

திரும்பும் வழியில் நாங்கள் அதே நாணலருகே மீண்டும் நின்றோம். கண்ட செடிகளின் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதியபோது, எங்களுக்குத் தெரிந்தவை மிகச் சிலவே என்பது புரிந்தது. வெட்கமாக இருந்தது. வீட்டில் பாட்டிமாரைக் கேட்டுப் பலவற்றை நிரப்பினோம். சில இடங்கள் இன்னும் காலியாகவே உள்ளன. பெயர் அறியாத ஒன்றை இழந்தால், இழந்தோம் என்பதே நமக்குத் தெரியாது. ஆகவே அன்புத் தோழியரே, அடுத்த மாசியில் நீங்களும் எங்களோடு ஏரிக்கரைக்கு வாருங்கள். அந்தக் காலி இடங்களைச் சேர்ந்தே நிரப்புவோம்.