துறைமுக குமாஸ்தாவின் கணக்கு

புனே அருகே கடக்வாஸ்லாவில், மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பி.எஸ்ஸி. கணிதம். துறைமுகங்களின் அலைப் பதிவுகள் எங்கள் மேஜைக்கு வரும். அலையின் உயரத்தைச் சம இடைவெளியில் எண்களாக எடுத்து, எத்தனை விநாடிக்கு ஒரு அலை என்று ஃபூரியே முறையில் பிரிக்க வேண்டும். அந்தக் கணிதத்தை வேலைக்கு வந்த பிறகுதான் கற்றேன். பதிவு சிறியதாக இருந்தால் விடை பக்கத்து எண்களிலெல்லாம் கசிந்து மங்கிவிடும். அது என்னை வெகு நாள் படுத்தியது.

இதே சிக்கலுக்கு உதவும் ஒரு சூத்திரத்தை ஸ்ரீநிவாச ராமானுஜன் எழுதி வைத்திருந்தார் என்பது ரிடையரான பிறகே எனக்குத் தெரிந்தது. நம்மில் பலர் அவரை 1729 என்ற டாக்ஸி நம்பரோடு நிறுத்திக்கொள்கிறோம்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். தகப்பனார் ஜவுளிக்கடை குமாஸ்தா. கணிதப் பித்தில் மற்ற பாடங்களைக் கோட்டை விட்டு, எஃப்.ஏ. தேறவே இல்லை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா ஆனார். 1914-ல் ஹார்டி அழைக்க, கேம்பிரிட்ஜ் போனார். யுத்த காலம்; சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம்; 1917-ல் படுத்த படுக்கை. ஆனாலும் 1918-ல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. ராயல் சொசைட்டி உறுப்பினரானதும் அதே வருஷம்தான்.

அதில் சில கொசைன்களைக் கூட்டுகிறார். கொசைன் என்றால் தசமங்கள் வால் நீளும். இவர் கூட்டினால் எப்போதும் முழு எண்தான்! 3-க்கு உரிய வரிசை 2, -1, -1. 4-க்கு 2, 0, -2, 0. அவர் நோக்கம் எண்களின் இயல்பை அறிவதே; அலையோ சிக்னலோ அல்ல.

1919-ல் நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. மனைவி ஜானகி அம்மாள் 1994 வரை இருந்தார்.

2014-ல் கால்டெக் பேராசிரியர் பி.பி. வைத்தியநாதன், இந்தக் கூட்டுத்தொகைகளைக் கொண்டு சிறிய பதிவிலும் முழு எண் கால அளவுகளைக் கண்டுபிடிக்கும் முறையை விரிவாக அமைத்தார். மரபணுவில் மூன்றுக்கொரு முறை வரும் ஒழுங்கைத் தேடவும் இது உதவுகிறது. கடல் அலை அத்தனை ஒழுங்கானதல்ல. எங்கள் வேலைக்கு எவ்வளவு பயன்பட்டிருக்குமோ, அது வேறு விஷயம்.

போன வாரம் 5, 1, 3 என்று நான்கு முறை நோட்டில் எழுதி, 4-க்குரிய வரிசையால் பெருக்கிக் கூட்டினேன். சைபர். 3-க்குரியதால் பெருக்கினேன். 24 வந்தது. சரிதானா என்று இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன்.