சுல்தானாவின் கனவும் றொக்கையா அம்மையாரும்

அளவெட்டியில் வசிக்கும் பழைய மாணவிகளாகிய நாம் கூடி வாசிக்கும் நூல்களுள் பழைய விஞ்ஞான நாவல்களுக்கு என்றும் இடமுண்டு. ஜூல்ஸ் வேர்ணின் நீர்மூழ்கிக் கப்பலையும் வெல்ஸின் கால இயந்திரத்தையும் அறிந்த எம்மவர் பலருக்கு, அவ்வரிசையில் வைக்கத்தக்க கதையொன்றை வங்காள முஸ்லிம் பெண்மணி ஒருவர் எழுதினார் என்பது புதுச் செய்தி. அக்கதை முதலில் அச்சேறியது சென்னையில்.

றொக்கையா சகாவத் ஹுசைன் அம்மையார் 1880 இல், இன்று பங்களாதேசத்திலுள்ள றங்பூர்ப் பகுதியில், ஜமீன்தார் குடும்பமொன்றிற் பிறந்தார். பெண்பிள்ளைகளுக்கு வங்காளமும் ஆங்கிலமும் ஆகா என்பது தந்தையாரின் முடிவு. வீடு உறங்கிய பின் மெழுகுதிரி வெளிச்சத்தில் அண்ணன் இரகசியமாகக் கற்பித்தார். அளவெட்டிக்கு அண்மையிலுள்ள உடுவிலில் 1824 இலேயே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தோன்றிவிட்டது. அதற்கு அறுபது ஆண்டுகளின் பின்னரும் ஒரு சிறுமி எழுத்தை ஒளித்துக் கற்க நேர்ந்தது.

கணவர் சகாவத் ஹுசைன் பாகல்பூரில் அரசாங்க உத்தியோகத்தர். மனைவியின் கல்வியை விரும்பியவர். அவர் சுற்றுப்பயணம் போயிருந்த நாட்களில் பொழுது போக்குவதற்காக அம்மையார் ஆங்கிலத்தில் எழுதியதே ‘சுல்தானாவின் கனவு’. திரும்பி வந்த கணவர் நின்ற நிலையிலேயே அதை வாசித்து முடித்தாராம். கமலா சத்தியநாதன் அம்மையார் சென்னையில் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மகசீன்’ 1905 இல் அதை வெளியிட்டது. வேர்ண் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

கதையிலே ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் நாடாள்கின்றனர். ஒரு பெண்கள் பல்கலைக்கழகம் முகிலிலிருந்து நீரை எடுக்கிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. ஆண்கள் இதைக் கண்டு நகைக்கிறார்கள். பகைவர் படையெடுத்துவர, ஆண்களின் சேனை தோற்றுப்போகிறது. அப்பொழுது பல்கலைக்கழகத் தலைவி இரண்டாயிரம் மாணவிகளுடன் களத்துக்குச் சென்று, சேமித்த வெப்பத்தைப் பாய்ச்சிப் பகைவரை ஓட்டுகிறார். நாட்டைக் காப்பவர் ஓர் ஆசிரியை என்பதுதான் எமக்கு மிகவும் பிடித்த இடம். ஆண்களைப் பூட்டிவைப்பது நியாயமா என்று எம்மிடையே வாதம் எழாமலில்லை. பகிடியாக எழுதியது என்பதே எமது எண்ணம்.

1909 இல் கணவர் காலமானார். கல்விக்கென அவர் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு பாகல்பூரில் ஐந்து பிள்ளைகளுடன் பாடசாலை தொடங்கினார். குடும்பப் பிணக்கினால் அவ்வூரை விட்டு நீங்கி, 1911 மார்ச் 16 ஆந் திகதி கல்கத்தாவில் எட்டு மாணவிகளுடன் மீண்டும் ஆரம்பித்தார். வீடு வீடாகச் சென்று பெற்றோரைக் கேட்டே பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. பறக்கும் வாகனத்தைக் கதையில் ஓடவிட்டவருக்குப் பாடசாலைப் பஸ்ஸே பெரும் தலையிடியாயிற்று. காற்றுப் புகாமல் மூடிய வண்டிக்குள் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். சற்றுத் திறந்து திரைச்சீலை போட்டால், அது காற்றில் விலகுகிறதென்று கண்டனக் கடிதங்கள் வந்தன. பர்தா முறையைக் கடுமையாகச் சாடி எழுதிய அம்மையார், பாடசாலை நிலைக்க வேண்டுமென்று தாமும் பர்தா அணிந்தே வெளியிற் சென்றார். இதை முரண்பாடென்று குறை கூற எமக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் வந்தார்கள் அல்லவா?

1932 டிசெம்பர் 9 ஆந் திகதி அவர் காலமானபோது, பெண்களின் உரிமை பற்றிய கட்டுரையொன்று மேசையில் முற்றுப்பெறாமற் கிடந்தது. அவரது பாடசாலை கல்கத்தாவில் இன்றும் நடைபெறுகிறது.